கூரையும் கூலியும் மொழியும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்



மொழிக் கழகம் நடத்தும் உரைவரிசையில் இலக்கியமும் இலக்கணமும் கலைச்சொல்லாக்கமும் பேசப்படுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வீட்டைப் பற்றியது, கூலியைப் பற்றியது, மலையை விட்டு இறங்கிப் பட்டணத்திற்குச் சென்ற குடும்பங்களைப் பற்றியது. மொழிக் கழகத்திற்கு இதில் என்ன வேலை என்று எவரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. மலேசியத் தமிழ் ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் தோட்டங்களுக்குள்ளேயே வாழ்ந்தது. அந்தத் தோட்டங்கள் நம் கண்முன்னே உருமாறுகின்றன. தமிழ் பேசுவோர் எந்தக் கூரையின்கீழ் உறங்குகிறார்கள், நாளை எந்தக் கூரையின்கீழ் உறங்குவார்கள் என்பதை அறியாமல் இந்நாட்டில் தமிழின் நாளைய நிலையைப் பேச இயலாது என்பது நம் துணிபு.

நாட்டின் மாற்றத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். 1970இல் மலேசிய மக்களில் 28.4 விழுக்காட்டினரே நகரங்களில் வாழ்ந்தனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. ஐம்பது ஆண்டுகளில் ஒரு நாடு தன் இருப்பிடத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. பிற சமூகத்தார் பலருக்கு இந்த இடப்பெயர்ச்சி ஊரில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு நகரத்தில் இன்னொரு வீட்டைத் தேடுவதாக அமைந்தது. தோட்டத் தமிழருக்கு அவ்வாறு அமையவில்லை. ஏன் அமையவில்லை என்பதே இவ்வுரையின் முதற்பகுதி. அதனால் மொழிக்கு நேர்ந்தது என்ன என்பது இரண்டாம் பகுதி. நாம் செய்யத்தக்கது என்ன என்பது மூன்றாம் பகுதி.

மலையும் தோட்டமும்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. எனினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இது எட்டாத மலையாகவே கிடந்தது. 1920களின் பிற்பகுதியில்தான் தாப்பாவிலிருந்து மேலே சாலை அமைக்கும் பணி ஊக்கம் பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரசல் என்பார் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் எழுந்தது. மலாய் மொழியில் ‘தானா’ என்றால் நிலம். ‘ராத்தா’ என்றால் சமதளம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், சரிவுகளுக்கு நடுவே சமனாகக் கிடைத்த அந்த நிலத்தில் கடைத்தெருவும் அலுவலகங்களும் உருவாயின. சரிவுகளில் தேயிலை ஏறியது. தேயிலையோடு தமிழரும் ஏறினர்.

அக்காலத்துத் தோட்டம் தனியொரு நாடு. தொழிலாளி வாழ்வதற்கு லயம், குழந்தையை விட்டுச்செல்ல ஆயாக்கொட்டகை, மருந்துக்குத் தோட்டத்து மருந்தகம், வழிபடக் கோயில், படிக்கப் பள்ளி, இறுதியில் அடங்க இடுகாடு ஆகிய அனைத்தும் ஒரே எல்லைக்குள் இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்துவது தோட்ட நிருவாகத்தின் கடமை என்று வகுத்தது. தொழிலாளியைக் குடும்பத்தோடு நிறுத்திவைப்பதே தோட்டத்திற்கு ஆதாயம் என்பதால் கங்காணி முறையும் குடும்பங்களைக் கொண்டுவந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தபோது அம்முறை முடிவுற்றது. அதற்குள் இந்நாட்டுத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிவிட்டன.

இத்தகைய வாழ்க்கை ஒரு சொல்வளத்தையும் ஈன்றது. காலைக் கூட்டம் ‘பெரட்டு’ ஆயிற்று. அது கூடிய இடம் பெரட்டுக்களம். கணக்கெழுதுபவர் கிராணி. வேலையை மேற்பார்ப்பவர் தண்டல். வரிசை வீடு லயம். செடியின் நுனியில் வரும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொழுந்து. இவை அகராதிக்காக ஆக்கப்பட்ட சொற்கள் அல்ல. மழையில் நின்று, குளிரில் நடந்து, எடைபோடும் இடத்தில் கிராணியிடம் கணக்குக் கேட்டுப் பழகிய சொற்கள். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலையாகும் என்பதை நம் பாட்டிமார் அறிந்தது அந்தச் சொற்களின் வழியாகத்தான்.

தோட்ட வாழ்வைப் பொற்காலமாக எண்ணி நாம் ஏமாறலாகாது. கூலி குறைவு. பள்ளி பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றது. துரைக்கும் கிராணிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு அவரவர் வீடு நின்ற இடத்திலேயே தெரிந்தது. அந்த வாழ்விலிருந்து பிள்ளைகள் வெளியேற வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். கூடை சுமந்த தாயின் மகள் ஆசிரியையாகவோ தாதியாகவோ கணக்காய்வாளராகவோ ஆவது இழப்பாகாது. அது அத்தாயின் வெற்றி. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த செய்தியை நேர்மையாகப் பேச முடியும்.

ஒரு முடிச்சு

அடுத்த செய்தி இது. தோட்டத்தில் வீடு கூலியின் ஒரு பகுதி. வேலை இருக்கும்வரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீட்டுக்கான காரணமும் முடிகிறது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் இருந்தால் வீடு நிற்கும். இதனால் பல குடும்பங்களில் ஒரு பிள்ளை, பெரும்பாலும் அதிகம் படிக்காத பிள்ளை, கூரையைக் காப்பதற்காகவே தோட்டத்தில் தங்கியது. மற்றவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சென்றனர். அப்படித் தங்கிய பிள்ளையின் தியாகம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சட்டம் இதில் என்ன செய்தது? 1990ஆம் ஆண்டு நிறைவேறிய தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் தோட்ட வீட்டின் தரத்தை வரையறுத்தது. குடிநீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் போன்றவற்றில் முதலாளியின் கடமையைச் சொன்னது. அது நல்ல சட்டமே. ஆனால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கூறிய அச்சட்டம், முப்பது நாற்பது ஆண்டு உழைத்த ஒருவர் ஓய்வுபெற்ற பின் எங்கே இருப்பார் என்பதற்கு விடை கூறவில்லை. 2013 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் ஒருவர் கையிலிருப்பது ஊழியர் சேமநிதித் தொகை. அதுவோ வாழ்நாள் முழுவதும் பெற்ற கூலியின் விழுக்காடு. கூலி குறைவாக இருந்தால் சேமிப்பும் குறைவே.

கூலியின் நிலையையும் நினைவில் கொள்வோம். 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளத்திற்காகப் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்தது. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 ரிங்கிட் என்று முதன்முறையாக நடைமுறைப்படுத்தப்பட்டது 2013இல். 2022இல் அது 1,500 ஆகவும் 2025இல் 1,700 ஆகவும் உயர்ந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் இன்று ஓய்வுபெறுபவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் இச்சம்பளத்தைப் பெறவில்லை. பழைய கூலியில் சேமித்து இன்றைய விலையில் வீடு வாங்க வேண்டிய நிலையில் அவர் நிற்கிறார்.

மலையின் புதிய பொருளாதாரம்

இன்றைய விலையை உருவாக்கியது எது? கேமரன் மலை இப்போது தேயிலையால் மட்டும் வாழவில்லை. காய்கறி, பூ, ஸ்ட்ராபெரி, சுற்றுலா ஆகியவை பெருகின. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தங்கும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. தாப்பாச் சாலை ஒன்றே வழியாக இருந்த மலைக்கு, 2000களில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு இரண்டாம் சாலையும் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் இந்தச் சாலைகளில் வண்டிகள் நகராமல் நிற்பதை இங்குள்ள அனைவரும் அறிவீர்கள். வருவோர் தங்கவும் உண்ணவும் இடம் வேண்டும். எனவே சமனான நிலத்தின் விலை ஏறியது. தேயிலைச் சரிவைப் படமெடுத்துச் செல்வோருக்கு ஒருநாள் அறை கிடைக்கிறது. அந்தச் சரிவில் பறித்தவருக்கு நிலையான அறை கிடைப்பது அரிதாகிவிட்டது.

வேலையின் முறையும் மாறியது. கையால் கிள்ளிய கொழுந்தை இன்று செங்குத்துச் சரிவில் கத்தரியாலும், சமன்பட்ட இடத்தில் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரத்தாலும் அறுவடை செய்கின்றனர். ஆள் தேவை குறைந்தது. குறைந்த ஆளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகின்றனர். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் இன்று தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் உழைக்கின்றனர்.

இங்கே ஒரு நுண்மையான வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். கங்காணி கொண்டுவந்தது குடும்பத்தை. இன்றைய வேலை அனுமதிச் சீட்டு கொண்டுவருவது தனிமனிதரை. அச்சீட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. மனைவி மக்களை உடன் அழைத்துவர அது இடம் தருவதில்லை. ஆகவே லயங்களில் ஆள் இருக்கின்றனர், பிள்ளைகள் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஏன் வெறுமையாகிறது என்று கேட்டால், தமிழர் வெளியேறிவிட்டனர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அது பாதி விடை. குழந்தை இல்லாத ஒரு தொழிலாளர் சமூகத்தை இப்பொருளாதாரம் தனக்கென அமைத்துக்கொண்டது என்பது மறுபாதி. 1923இன் சட்டம் பத்துப் பிள்ளைகளைக் கண்டால் பள்ளி வேண்டும் என்றது. இன்றைய ஏற்பாட்டில் அந்தப் பத்துப் பிள்ளைகளே தோன்றுவதில்லை.

வந்திருக்கும் புதிய தொழிலாளரை நாம் குறைகூறவில்லை. நம் முன்னோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். முன்னோர்க்கு மாலையில் திரும்பிச் செல்ல ஒரு குடும்பமேனும் இருந்தது.

குறுகிய தாள்கள்

இம்மலையில் பலருடைய வாழ்வு குறுகிய தாள்களின்மேல் நிற்கிறது. தோட்டத் தொழிலாளியின் வீடு ஓய்வுநாள்வரை. வெளிநாட்டுத் தொழிலாளியின் அனுமதி ஓராண்டு. காய்கறிப் பயிரிடுவோர் பலரிடம் இருப்பது தற்காலிக நில உரிமம். அது ஒவ்வோர் ஆண்டும் திசம்பர் 31இல் முடிந்து மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியது. இவர்கள் அனைவருக்கும் முன்னரே இக்காடுகளில் வாழ்ந்துவரும் செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் பலரிடம் தங்கள் மரபு நிலத்திற்கு அந்த ஓராண்டுத் தாளும் இல்லை. 2019 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியே நாட்டின் முதல் பூர்வகுடி நாடாளுமன்ற உறுப்பினரை மக்களவைக்கு அனுப்பியது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஓராண்டு உரிமம் பெற்றவர் ஓராண்டுக்கே திட்டமிடுவார். மரம் நட்டுச் சரிவைக் காப்பதைக் காட்டிலும் இவ்வாண்டு விளைச்சலை எடுப்பதே அவருக்கு அறிவுடைமையாகத் தோன்றும். மேலே வெட்டப்பட்ட சரிவின் மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. 2013 அக்டோபர் 23 அன்று பின்னிரவில் பெருமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு நவம்பரிலும் மலையில் வெள்ளமும் உயிரிழப்பும் நேர்ந்தன. காரணங்கள் பல, சட்டத்திற்குப் புறம்பான நில வெட்டும் அவற்றுள் ஒன்று. எனினும் நிலையற்ற உரிமை நிலத்தையும் நிலைக்கவிடுவதில்லை என்பதை அந்நிகழ்வுகளிலிருந்து நாம் கற்கலாம். மொழிக்கும் அதுவே பொருந்தும். நாளை எங்கே இருப்போம் என்று அறியாதவர் நூலகத்தைக் கட்டமாட்டார். பள்ளிக்கு நிலம் கேட்கமாட்டார்.

கீழே இறங்கிய தமிழ்

மலையை விட்டு இறங்கியவர்கள் எங்கே சென்றனர்? பெரும்பாலோர் நகரத்துக் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் சென்றனர். ரப்பரையும் செம்பனையையும் நம்பியிருந்த கீழ்நிலத்துத் தோட்டத் தமிழர் இதே வழியில் முன்னரே சென்றுவிட்டனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று, பல்லாயிரவர் கப்பலேறினர். எஞ்சியோரின் தோட்டங்கள் பின்னாளில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தில் நூறு குடும்பங்கள் அருகருகே இருந்தன. நகரத்தில் அதே நூறு குடும்பங்கள் இருபது தாமான்களில் சிதறின.

தோட்டத்தில் தமிழ் வாழ்ந்ததற்கு நம் பற்று மட்டுமே காரணமன்று. வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் நம்மை ஓரிடத்தில் வைத்திருந்ததும் காரணம். குழந்தை விளையாடப் போனாலும் தமிழ் கேட்டது. கடைக்குப் போனாலும் கேட்டது. பத்தாம் மாடியில் அடைபட்ட குழந்தைக்கு அந்த வாய்ப்பில்லை. மின்னல் பண்பலை இருக்கிறது. ஆஸ்ட்ரோ அலைவரிசைகள் இருக்கின்றன. இவை தமிழைச் செவிக்குக் கொண்டுவருகின்றன. வாய்க்குத் தமிழ் வர எதிரே ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் வீட்டிலேயே இருக்கிறார்: தோட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பாட்டி. பேச ஆளின்றி அவர் சன்னலோரம் அமர்ந்திருக்கிறார். பேரப்பிள்ளை கைப்பேசியோடு இருக்கிறது. இருவருக்கும் இடையே உள்ள நான்கடித் தொலைவைக் கடக்க நம்மிடம் எந்தத் திட்டமும் இல்லை.

பள்ளியின் நிலையும் இத்தகையதே. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520க்குச் சற்று மேல். அவற்றுள் பெரும்பாலானவை 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள். பல பள்ளிகள் இன்னும் தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமான நிலத்தில் நிற்கின்றன. அரசு நிலத்தில் நிற்கும் பள்ளி முழு உதவி பெறுகிறது. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி பகுதி உதவியே பெறுகிறது. நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது என்பதே அப்பள்ளியின் கூரைக்கும் கழிப்பறைக்கும் கணினிக்கும் எவ்வளவு பணம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. தானா ராத்தா, ரிங்லெட், போ தோட்டம் எனக் கேமரன் மலையில் நின்றுவரும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைச் சொல்லும்போது நமக்குப் பெருமிதம் எழுகிறது. பெருமிதத்தோடு நிலப்பட்டாவையும் எடுத்துப் பார்க்க வேண்டிய காலம் இது.

ஆகக் கூரை கூலியோடு கட்டப்பட்டிருந்தது; பள்ளி கூரையோடு கட்டப்பட்டிருந்தது; மொழி பள்ளியோடு கட்டப்பட்டிருந்தது. முதல் கட்டு அவிழ்ந்தபோது மற்றவையும் தளர்ந்தன.

பிற இடங்களின் பாடம்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து பாம்பே பர்மா வணிகக் கழகம் அம்மலை நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது 1929இல். கேமரன் மலையில் போ நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டு. குத்தகை 2028இல் முடியவேண்டும். அதற்கு முன்னரே, 2024இல், நிறுவனம் தன் பணியை நிறுத்தித் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளித்தது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் தாங்கள் எங்கே செல்வது என்று நீதிமன்றத்தில் கேட்டன. குத்தகைத் தாளில் நிலத்துக்கு 99 ஆண்டு எழுதப்பட்டிருந்தது. அதில் உழைத்தவரின் வீட்டுக்கு ஓராண்டும் எழுதப்படவில்லை.

இலங்கை மலையகத்தில் வேறொரு முயற்சியைக் காண்கிறோம். 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்கள் அவர்கள். அம்மலைத் தமிழர்க்கு லயத்திற்கு மாற்றாகத் தனி வீடும் ஒவ்வொரு வீட்டிற்கும் 7 பேர்ச் நிலமும், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி, உரிமையாக வழங்கும் திட்டம் அண்மைக் காலத்தில் முன்னெடுக்கப்பட்டது. இந்திய அரசும் அங்கே வீடுகள் கட்டித்தர முன்வந்தது. பணி மெதுவாக நடக்கிறது, குறைகளும் உண்டு. ஆயினும் அதன் அடிப்படை சரியானது. தோட்டத்தில் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வீடு அக்குடும்பத்தினுடையது என்பதே அந்த அடிப்படை.

நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்நாளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டனர். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார் அவர். சங்கத்தின் பிற்கால நடப்புகள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். கூலித் தொழிலாளி தன் சிறு தொகையால் நிலத்திற்கு உரிமையாளராக முடியும் என்று அது மெய்ப்பித்தது. அந்த மெய்ப்பை நாம் மறந்துவிட்டோம்.

நாம் செய்யத்தக்கவை

தோட்ட நிருவாகத்தின் தரப்பையும் கேட்க வேண்டும். ஓய்வுபெற்றவர் எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் புதிதாக வேலைக்கு வருபவரை எங்கே குடிவைப்பது என்று அவர்கள் கேட்கின்றனர். இதுவும் நியாயமான கேள்வி. எனவே ஓய்வுபெற்றவரின் வீடு தோட்டத்தின் பொறுப்பு மட்டுமன்று. மாநில அரசின் பொறுப்பும் நம் சமூகத்தின் பொறுப்புமாகும். இதை முன்வைத்து நான்கு செய்திகளைப் பணிவுடன் அவைமுன் வைக்கிறோம்.

முதலாவது, ஓய்வுக்குப் பின்னான வீடு. ஓய்வு பெறும் நாளில் வீடு தேடுவது காலங்கடந்த செயல். ஐம்பது வயதிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் அடுத்த பத்தாண்டில் ஓய்வு பெறுவோர் எத்தனை பேர், அவர்களுள் சொந்த வீடு இல்லாதோர் எத்தனை பேர் என்ற பட்டியலைக் கோயில் நிருவாகமும் பள்ளி வாரியமும் சேர்ந்து ஆயத்தம் செய்யலாம். பட்டியல் கையிலிருந்தால்தான் மாநில அரசிடம் இத்தனை வீட்டுக்கு நிலம் வேண்டும் என்று கேட்க இயலும். நிலம் கிடைத்தால் அதற்குரிய தொகையைக் கூட்டுறவு முறையில் மாதத் தவணையாகத் திரட்ட இயலும்.

இரண்டாவது, பள்ளி. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தைத் தமிழர் குடியேறிய இடத்திற்கு மாற்றுவது சில ஊர்களில் நடந்திருக்கிறது. மாற்றுவதற்கு முன் புதிய இடத்தில் நிலம் கல்விக்கென ஒதுக்கப்பட்டு ஆவணமாக்கப்பட வேண்டும். உரிமத்தை எடுத்துக்கொண்டு நிலம் தேடி அலைவது பள்ளியை இழக்கும் வழி. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பள்ளியை அப்படியே காப்பதும் நம் கடமை. மலையில் ஆறு பிள்ளைகள் இருந்தாலும் அவர்கள் ஆறு தமிழ்ப் பிள்ளைகள்.

மூன்றாவது, சொல். பெரட்டும் தண்டலும் கொழுந்தும் வழங்கிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்து தோட்டத் தொழிற்சொல் தொகுதி ஒன்றை வெளியிடுவது இம்மொழிக் கழகம் இவ்வாண்டே தொடங்கக்கூடிய பணி. பெருஞ்செலவு வேண்டியதில்லை. படிவம் ஐந்து மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிடமே தொடங்கலாம். அதனால் சொல்லும் கிடைக்கும். நாம் முன்னர்க் குறிப்பிட்ட நான்கடித் தொலைவும் குறையும்.

நான்காவது, நகரத்து அடுக்குமாடி. அங்கே தமிழ்ப்பள்ளி தொலைவில் இருக்கலாம். சமூகக்கூடம் அருகில் இருக்கும். வாரம் ஒருநாள் அதில் தமிழ் வாசிப்பு நடத்த ஒரு பாயும் இருபது நூல்களும் ஓய்வுபெற்ற ஒருவரும் போதும். நடத்துபவர் பட்டம் பெற்றவராக இருக்கத் தேவையில்லை. நாற்பது ஆண்டு தேயிலை பறித்தவரிடம் கதையும் விடுகதையும் பழமொழியும் இருக்கின்றன. அவரை ஆசிரியர் என்று அழைக்க நாம் முன்வர வேண்டும்.

சான்றோர்களே, மொழியைக் காப்போம் என்று மேடைதோறும் உறுதியெடுக்கிறோம். அவ்வுறுதி மெய்யாக வேண்டுமானால் அடுத்த மாதம் ஓய்வுபெறவிருக்கும் ஒரு தேயிலைத் தொழிலாளியின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதும், அவர் எங்கே போகப் போகிறார் என்று கேட்டறிவதும் மொழிப்பணியில் சேர வேண்டும். நான்கு செய்திகளுள் முதலாவதான பட்டியல் பணிக்குத் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தொண்டர்கள் தேவைப்படுகின்றனர். இவ்வுரை முடிந்ததும் வாயிலில் வைக்கப்பட்டிருக்கும் ஏட்டில் விருப்பமுள்ளோர் தம் பெயரையும் தாம் அறிந்த தோட்டத்தின் பெயரையும் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம்.